மனப்பாடத் தட்டு

அத்தியாயம் 12

பதினோரு வாரமாக இந்த வீட்டுக்குள் வந்து போகிறவர்களுக்கு அக்காவின் கண் விஷயம் தெரியும். புதிதாக வருகிறவர்கள் இப்படி ஓரமாக உட்காருங்கள், இரண்டே நிமிடத்தில் சொல்லி முடிக்கிறேன். எனக்கும் இந்த வாரம் ஒரே அசதி. நீட்டி முழக்கத் தெம்பில்லை.

அக்கா ஊசிமருந்து பாட்டில் செய்யும் கண்ணாடித் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாகப் பாட்டில் பார்க்கிறாள். பார்ப்பதுதான் வேலை. கறுப்புப் பலகையும் வெள்ளைப் பலகையும் பின்னால் நிற்க, விளக்கு வெளிச்சத்தில் சுண்டுவிரல் உயரப் பாட்டிலைத் தூக்கிப் பிடித்து, விரலால் ஒரு சுற்று உருட்ட வேண்டும். விரிசலோ குமிழியோ கரும்புள்ளியோ இருந்தால் சிவப்புப் பெட்டி. இல்லாவிட்டால் தட்டு. இந்த அக்காவுக்கு ஐந்து மாதமாகக் கண்ணில் புரை. இடது கண்ணில் பனி மூடியாகிவிட்டது, வலது கண்ணிலும் ஆரம்பம். வீட்டில் புருஷனுக்கு மட்டும்தான் தெரியும்.

தம்பி அதே தொழிற்சாலையில் கேமரா மெஷின் வைக்க வந்தவன். மெஷின் பாட்டிலைச் சுழற்றும், ஆறு கேமரா படம் எடுக்கும், கணினி நல்லது கெட்டது சொல்லும், கெட்டதைக் காற்று ஊதித் தள்ளிவிடும். அது ஏற்கப்பட்டால் நாற்பத்திரண்டு பெண்களில் ஆறு பேர்தான் மிச்சம். கடைசிப் பார்வைக்கென்று வைத்துக்கொள்ளப்போகும் அந்த ஆறு பேரில் முதல் பெயர் அக்காவுடையது. காரணம், மாதத் தேர்வில் அவள் ஒரு பாட்டிலைக்கூடக் கோட்டை விட்டதில்லை. கண் ஆபரேஷனுக்கு லீவு கேட்டால் பட்டியலில் பெயர் அடிபடும். அதனால் வாயைத் திறக்கவில்லை.

கண் மங்கியவள் தேர்வில் எப்படி நூற்றுக்கு நூறு வாங்குகிறாள் என்று பலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். கேட்காமல் இருப்பீர்களா என்ன! அதுதான் இன்றைய கதை.

*

காலை ஆறு மணிக்கு அக்கா டீயை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினாள்.

டீ சமையல் மேடையில் ஓடி, கீழே நின்றிருந்த புருஷனின் பேன்ட்டில் சொட்டியது. அவர் துள்ளவில்லை, கத்தவில்லை. டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் அவர். நாள் முழுக்க இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டாவது பிரேக்கில் கால் வைத்துக்கொண்டே வாழ்கிற மனிதர். தம்பி அவருக்கு 'பிரேக் மாமா' என்று பெயர் வைத்து ஏழு மாதம் ஆகிறது.

"லேன் மாறும்போது கையைக் காட்டிட்டு மாறணும்மா," என்றார்.

"காலங்காத்தால ஆரம்பிச்சிட்டீங்களா?"

"நேத்து சட்னியில சர்க்கரை. முந்தாநேத்து என் சட்டையில வேற சட்டை பட்டன். நான் ஒண்ணும் சொல்லலையே." அவர் துணியை எடுத்துத் துடைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னைக்கு டெஸ்ட். நாளைக்கு லிஸ்ட். மறுநாளே உன்னை ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ப் படுக்க வச்சிடுவேன். இருபது நிமிஷ வேலையாம். இத்தனை நாள் பொறுத்தாச்சு, இன்னும் ரெண்டு நாள்."

"மெல்லப் பேசுங்க. அவன் காதுல விழுந்து தொலைக்கப் போகுது."

அவன் காதில் எதுவும் விழுகிற நிலையில் இல்லை. முன் அறையில் லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தான். பாவம், அவனும்தான் என்ன செய்வான்? ஏழு மாதமாக அக்கா வீட்டு முன் அறை. பெண்டாட்டி வேறு ஊரில் அவள் அம்மா வீட்டில். அவன் இங்கே வந்த இரண்டாம் மாதம் குழந்தை பிறந்தது. அது குப்புற விழுந்ததை ஃபோனில் பார்த்தான். இதற்கு முன் இரண்டு தொழிற்சாலையில் அவன் வைத்த மெஷினைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது மூன்றாவது. இதுவும் திரும்பினால் மெஷினோடு சேர்த்து அவனையும் பார்சல் கட்டிவிடுவோம் என்று அவன் கம்பெனியில் நாசூக்காகச் சொல்லியிருந்தார்கள்.

அக்கா டீயைக் கொண்டுபோய் அவன் பக்கத்தில் வைத்தாள். லேப்டாப் திரையில் வரிசை வரிசையாகப் பாட்டில் படங்கள். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாக்கிய படம். இந்த அளவுக்கு ஊதிக் காட்டினால் அக்காவுக்கும் தெரிந்தது.

குனிந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அடிப்பாவி, சுழிக்காரி! நீ எங்கேடி இங்கே?" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

சுழிக்காரி யார் என்று சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலையில் ஒரு தேர்வுத் தட்டு உண்டு. இருநூறு பாட்டில், அதில் நாற்பது கெட்டது. எது எது கெட்டது என்பது தரப்பிரிவு மேடத்துக்குத்தான் தெரியும்; பாட்டிலின் அடியில் ஊதா விளக்கில் மட்டும் தெரிகிற எண் இருக்கும். மாதம் ஒரு முறை ஒவ்வொரு பெண்ணும் அந்தத் தட்டைப் பிரித்துக் காட்டி, தன் கண் நன்றாக இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும்.

ஏற்பாடு எல்லாம் சரிதான். ஆனால் எட்டு வருடமாக அதே தட்டு. அதே நாற்பது முகத்தை எட்டு வருடம் பார்த்தால் எந்தக் கழுதைக்கும் பழகிவிடும். பெண்கள் பெயரே வைத்துவிட்டார்கள். தோள்பட்டையில் கண்ணாடி லேசாகச் சுழித்திருப்பவள் சுழிக்காரி. அந்தச் சுழி ஒரு குற்றமே இல்லை, ஆனால் அவள் கழுத்தில் முடி மாதிரி ஒரு விரிசல் உண்டு. ஒரு பக்கம் சாய்ந்து நிற்பவள் சோம்பேறி, அவளுக்கு உள்ளே குமிழி. வாய் விளிம்பு தடித்தவளுக்கு மாமியார் என்று பெயர். இப்படி நாற்பது பேர்.

ஐந்து மாதமாக அக்கா சுழிக்காரியின் விரிசலைப் பார்க்கவே இல்லை. விரலை வைத்துத் தோள்பட்டையைத் தடவுவாள். சுழி தட்டுப்பட்டால் சிவப்புப் பெட்டியில் போட்டுவிடுவாள்.

நூற்றுக்கு நூறு வந்த விதம் அதுதான்.

"டேய், எழுந்திரு." அக்கா தம்பியை உலுக்கினாள். "இந்தப் படமெல்லாம் ஏதுடா?"

அவன் ஒரு கண்ணை மட்டும் திறந்தான். "மெஷினுக்குப் பாடம் நடத்தின படம்கா. கெட்டது இப்படித்தான் இருக்கும்னு காட்டணும்ல. உங்க ஆளுங்க சிவப்புப் பெட்டியை உடனுக்குடனே உடைச்சு உலையில போட்டுடறாங்க. கெட்ட பாட்டிலுக்கு நான் எங்கே போவேன்? ஷிஃப்ட் இன்சார்ஜ் காலைப் பிடிக்காத குறை. ஒரு தட்டு கொண்டாந்து குடுத்தார். விரிசல், குமிழி, புள்ளி எல்லாம் அதுலயே இருந்துது. ஒவ்வொண்ணையும் நூறு நூறு தடவை படம் எடுத்துப் போட்டேன்."

"எந்தத் தட்டுன்னு கேட்டியா?"

"தட்டுல என்னக்கா எந்தத் தட்டு? டீ சூடா இருக்கா?"

அக்கா உள்ளே போனாள்.

*

புருஷன் அவளை டிரைவிங் ஸ்கூல் வண்டியிலேயே கொண்டுபோய் விடுவது வழக்கம். வண்டி பாலத்துக்குக் கீழே நெரிசலில் நின்றபோது அக்கா விஷயத்தைச் சொன்னாள்.

"அவன் மெஷின் படிச்சது தேர்வுத் தட்டுலங்க. இன்னைக்கு மேடம் வைக்கப்போற டெஸ்ட்டும் அதே தட்டுலதான். தட்டு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

"நல்லதாப் போச்சு. பாஸ் பண்ணிடுவான்."

"பண்ணிடுவான். என்னை மாதிரி."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். பின்னால் ஒரு வண்டிக்காரர் ஹாரனை அமுக்கினார்.

"சுழிக்காரிக்குச் சுழி இருக்கிறதால கெட்டதுன்னு அது கத்துக்கிட்டிருந்தா? விரிசல்னா என்னன்னே அதுக்குத் தெரியாம இருந்தா?" என்றாள் அக்கா. "மூணு வாரமா லைன்ல ஓட விட்டிருக்காங்க. அது நல்லதுன்னு சொன்ன தட்டை மறுபடி பார்க்கிறது யாரு? நான். ரெண்டு பேரும் ஒரே பதில் சொல்றோம்னு மேடத்துக்கு ஒரே சந்தோஷம். குருடும் குருடும் கூட்டு."

"இதோ பாரு. நீ படிச்சவ இல்லை, இன்ஜினியர் இல்லை. உனக்கு எப்படி நிச்சயமாத் தெரியும்? அப்படியே இருந்தாத்தான் என்ன? எங்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேரு கண் டெஸ்ட்டுக்கு அந்த எழுத்துப் பலகையை நெட்டுருப் போட்டுட்டுத்தான் போறாங்க. கண்ணாடியைக் கழட்டிப் பையில போட்டுக்கிட்டு ஒப்பிச்சிட்டு வந்துடுவாங்க."

"அப்புறம் ரோட்டுல?"

"நான்தான் பக்கத்துல பிரேக்ல கால் வச்சிருக்கேனே."

"லைசென்ஸ் வாங்கினதுக்கப்புறம்?"

அவர் கியரை மாற்றி வண்டியை நகர்த்தினார். வாசலில் இறக்கிவிடும்போது, "பேசாம இரு. உன் தம்பி பிள்ளை முகத்தைப் பார்க்கட்டும். நீ கண்ணைச் சரி பண்ணிக்கோ. மத்ததை அப்புறம் பார்க்கலாம்," என்றார். கெஞ்சுகிற குரல். பதினேழு வருடத் தாம்பத்தியத்தில் அந்தக் குரலை அவள் நாலைந்து தடவைதான் கேட்டிருக்கிறாள்.

*

பதினோரு மணிக்குத் தேர்வு.

முதலில் மெஷின். தட்டிலிருந்த இருநூறும் ஒவ்வொன்றாக உள்ளே போயின. சுழன்றன, பளிச் பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. புஸ், புஸ் என்று காற்று ஊதி நாற்பதைத் தனியே தள்ளியது. மேடம் ஊதா விளக்கை வைத்து எண்களைச் சரிபார்த்தார். நாற்பதுக்கு நாற்பது.

அடுத்தது ஒப்பிடுவதற்காக அக்கா. அதே இருநூறு. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து விளக்கைப் போட்டாள். வெளிச்சம் கண்ணுக்குள் விரிந்து பாட்டிலையே மூடியது. பரவாயில்லை, விரல் இருக்கிறது. சுழிக்காரி, சோம்பேறி, மாமியார், எல்லாரும் வந்தார்கள், எல்லாரும் சிவப்புப் பெட்டிக்குப் போனார்கள். கழுத்து வலி பிடரியில் இருந்து முதுகுக்கு இறங்கியது. இதற்கு எத்தனை தெம்பு வேண்டும் தெரியுமா, தெரியாததைத் தெரிந்த மாதிரி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு?

நாற்பதுக்கு நாற்பது.

"அக்காவும் மெஷினும் சரிக்குச் சமம்!" என்றார் மேடம். கண்டிப்பான மனுஷி, சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. அவரே சிரித்தார். பெண்கள் கைதட்டினார்கள். நம் வேலையைப் பிடுங்கப்போகிற மெஷினுக்குக் கைதட்டுகிறோமே என்று பாதியில் உறைத்துச் சிலர் நிறுத்திக்கொண்டார்கள்.

"மூணு மணிக்கு என் ரூமுக்கு வாங்க, கையெழுத்துப் போட்டுடலாம்," என்று தம்பியிடம் சொல்லிவிட்டு மேடம் போனார்.

தம்பி சுவரோரமாகத் திரும்பி நின்று ஃபோனில் பேசினான். "முடிஞ்சுது. ஆமா, முழுசா. சனிக்கிழமை வந்துடுவேன். அவனை எழுப்பாதே, தூங்கட்டும்," என்றான். முதுகு குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று அக்காவுக்குத் தெரியவில்லை.

*

சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் போனபின் அக்கா தன் மேசையிலிருந்து ஒரு தட்டை எடுத்தாள். காலையில் மெஷின் நல்லது என்று சொல்லி அனுப்பி, அவளும் நல்லது என்று சொல்லி முத்திரை வைத்த தட்டு. பெட்டியில் போகக் காத்திருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.

அங்கே சாப்பிட்டு முடித்து டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள் கழுகு. முப்பது வயதுப் பெண். பத்தடி தூரத்தில் இருந்தே புள்ளியைச் சொல்லிவிடுவாள் என்பதால் அந்தப் பெயர். ஆறு பேர் பட்டியலில் அவள் பெயர் இல்லை. தேர்வுத் தட்டில் எந்தக் கண்ணுக்கும் எளிதில் எட்டாத ஒன்றிரண்டு உண்டு; பெயர்களைச் சரியாக மனப்பாடம் செய்துகொள்ளாததால் அவற்றை அவள் எப்போதும் விட்டுவிடுவாள். கண்ணை நம்பியவளுக்குக் கிடைத்த பரிசைப் பாருங்கள்!

"இதைக் கொஞ்சம் பார்த்துக் குடுடி."

"இப்பவா? யாரோடதுக்கா?"

"பாரேன். கழுத்தை மட்டும் பாரு."

கழுகு விளக்கைப் போட்டாள். அவள் விரல்கள் ஓடின. அக்கா எதிரே நின்றுகொண்டிருந்தாள். நாற்காலி பக்கத்திலேயே இருந்தும் உட்காரத் தோன்றவில்லை. முப்பது, நாற்பது, ஐம்பது. ஒன்றும் இல்லையோ என்று அவளுக்கு மூச்சு வந்தது. ஐம்பத்தெட்டாவதில் கழுகு நின்றாள். பாட்டிலைச் சாய்த்தாள், மறுபடி சாய்த்தாள். தனியே வைத்தாள்.

இருநூறும் முடிந்தபோது தனியே நாலு நின்றன.

"நாலும் கழுத்து விரிசல்கா. இதை எந்தப் புண்ணியவதி பாஸ் போட்டா?" என்றபடி கழுகு தட்டின் முத்திரையைத் திருப்பிப் பார்த்தாள். மேசை எண் ஏழு. அவள் முகம் மாறிவிட்டது. "அக்கா... இது உங்க தட்டு."

"என்னோடதுதான்."

"நீங்களா விட்டீங்க?"

"நானும் விட்டேன், மெஷினும் விட்டுது." அக்கா அந்த நாலையும் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டாள். இருநூறில் நாலு. ஒரு நாளைக்கு அவள் எத்தனை தட்டு பார்க்கிறாள்? கணக்குப் போடப் பயந்து நிறுத்திக்கொண்டாள். கழுத்தில் விரிசல் இருந்தால் மருந்து நிரப்பிய பிறகு காற்று உள்ளே போகும். மருந்து கெடும். கெட்ட மருந்து ஊசியில் ஏறும். புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு முதல் நாள் இதைச் சொல்லிக்கொடுப்பதே அவள்தான்.

*

கம்ப்ரஸர் அறைக்குப் பின்னால் தம்பியைப் பிடித்தாள். இரைச்சலில் காதோடு காதாகப் பேச வேண்டியிருந்தது. கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினாள், விஷயத்தைச் சொன்னாள்.

அவன் முதலில் நம்பவில்லை. "மெஷின் அப்படி எல்லாம் பண்ணாதுக்கா." பிறகு நாலு பாட்டிலையும் வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தான். பிறகு அப்படியே தரையில் குந்திவிட்டான்.

"தேர்வுத் தட்டா அது? அந்த ஆள் எங்கிட்ட சாம்பிள்னுதான்கா சொன்னார். ஐயோ. படிச்ச பாடத்துலயே பரீட்சை." தலையைப் பிடித்துக்கொண்டான். "எனக்கு இது தெரிஞ்சிருக்கணும். நூறு சதவீதம் வந்தப்பவே சந்தேகப்பட்டிருக்கணும். எந்த மெஷினுக்கும் நூறு வராதுக்கா. சந்தோஷத்துல கண்ணை மூடிக்கிட்டேன்."

"சரி, எழுந்திரு. மேடத்துக்கிட்ட போலாம்."

"இரு இரு." எழுந்து அவள் கையைப் பிடித்தான். "கையெழுத்து ஆகட்டும். நான் சனிக்கிழமை போய்ப் பிள்ளையைப் பார்த்துட்டுத் திங்கக்கிழமை வந்துடறேன். புதுசாப் படம் எடுத்து, மறுபடி சொல்லிக்குடுத்து, ஒரு மாசத்துல சத்தமில்லாம மாத்திடறேன். யாருக்கும் தெரியாது."

"அந்த ஒரு மாசத்துல போற பாட்டில்?"

"நீ கடைசிப் பார்வையில இருக்கியே! உன் கண்ணுக்குத் தப்புமா?"

கம்ப்ரஸர் ஒரு முறை நின்று மறுபடி கிளம்பியது.

"இந்த நாலும் என் மேசையிலேர்ந்துதான்டா எடுத்தேன்."

"நீ... அவசரத்துல விட்டிருப்பே."

"ஒண்ணும் தெரியலைடா எனக்கு. அஞ்சு மாசமா. உன் மெஷின் எப்படிப் பாஸ் பண்ணுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்னு நினைக்கறே? நானும் அப்படித்தான் பாஸ் பண்றேன்."

தம்பி அவள் முகத்துக்கு நேரே குனிந்து பார்த்தான். ஏழு மாதமாக ஒரே வீட்டில் இருந்து, அவள் கையால் சாப்பிட்டு, அவள் கண்ணை இப்போதுதான் முதல் முறையாகப் பார்க்கிறான். இடது கண்ணின் நடுவில் சாம்பல் நிறமாக ஏதோ தெரிந்தது. நாள் முழுக்கக் கேமராவை வைத்துக் குறை தேடுகிறவன்.

"ஏன்கா எங்கிட்ட சொல்லலை?" என்றான்.

"சொன்னா உனக்கு வேலை ஓடுமா?"

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கையை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றான். "நீ சொன்னா உன் வேலை போச்சு. என் வேலையும் போச்சு. பார்த்துக்கோ," என்றான் கடைசியாக.

"பார்க்கத்தான் முடியலையே," என்றாள் அக்கா. சிரிக்க நினைத்துச் சொன்னாள், சிரிப்பு வரவில்லை.

*

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது புருஷனுக்கு ஃபோன் செய்தாள்.

"சொல்லப்போறியா?" என்றார் எடுத்தவுடன்.

"ஆமாங்க."

அந்தப் பக்கம் யாரோ கியரைக் கரகரவென்று தவறாகப் போட்டார்கள். "கிளட்ச், கிளட்ச்! காலை எடுக்காதீங்க சார்," என்றார் புருஷன். பிறகு அவளிடம், "நான் சொல்லி நீ எதைக் கேட்டிருக்கே. சரி, ஒண்ணு மட்டும் கேளு. எப்போலேர்ந்துன்னு கேப்பாங்க. போன மாசம்னு சொல்லு. ஒரு மாசச் சரக்கைத் திருப்பி எடுத்தாப் போதும், உன்னையும் ரொம்பத் திட்ட மாட்டாங்க. அஞ்சு மாசம்னு சொன்னே, நீ தொலைஞ்சே."

"சரி."

"சரியா, சும்மா சரியா?"

அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

*

மேடத்தின் அறை மாடியில். கண்ணாடி ஜன்னல் வழியாகக் கீழே மேசைகள் தெரியும். தம்பி முன்பே போய் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். மேசைமேல் ஏற்புப் படிவம், பக்கத்தில் மூடி திறந்த பேனா. அக்கா கதவை முழுசாகத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள்.

"நீங்களா? வாங்க. நல்ல நேரத்துல வந்தீங்க, உங்க பேரையும் சேர்த்துத்தான் எழுதறேன்," என்றார் மேடம்.

"கையெழுத்துப் போடாதீங்க மேடம்."

அக்கா கைக்குட்டையைப் பிரித்து நாலு பாட்டிலையும் படிவத்தின் மேலேயே வைத்தாள். நின்றபடியே சொன்னாள். தேர்வுத் தட்டைப் பற்றி, பெண்கள் வைத்த பெயர்களைப் பற்றி, மெஷின் படித்த பாடத்தைப் பற்றி. மேடம் நடுவில் இரண்டு தடவை "என்ன உளர்றீங்க?" என்றார். தம்பி, "அவங்க சொல்றது சரிதான் மேடம். அந்தத் தட்டுலதான் மெஷினைப் பழக்கினேன். தெரியாமத்தான், ஆனா பழக்கினேன்," என்றான்.

அதைச் சொல்ல அவனுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று அக்காவுக்குத் தெரியும். சனிக்கிழமைப் பயணம் கைவிட்டுப் போய்விட்டது.

மேடம் எழுந்தார். நாலு பாட்டிலையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, தன் கையாலேயே மெஷினில் போட்டார். நாலும் சுழன்றன, வெளிச்சம் அடித்தது. காற்று ஊதவில்லை. நாலும் நல்ல பாட்டில் வருகிற பக்கமாகவே வெளியே வந்தன.

மாடிக்குத் திரும்பியதும் ஒரு பாட்டிலை அக்காவின் கையில் கொடுத்தார். "பாருங்க. இதுல எங்கே விரிசல்?"

அக்கா ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். உருட்டினாள். பத்தொன்பது வருடமாகச் செய்கிற மாதிரியே செய்தாள்.

"இருக்குன்னு தெரியும் மேடம். என் கண்ணுக்குத் தெரியலை. நல்ல பாட்டில் மாதிரிதான் இருக்கு."

மேடம் மெதுவாக உட்கார்ந்தார்.

"கண்ணா?"

"புரை மேடம்."

"எப்போலேர்ந்து?"

புருஷன் சொன்னது அக்காவின் நாக்கு நுனியில் இருந்தது. போன மாசம். இரண்டே வார்த்தை. சொல்லிவிட்டால் எல்லாருக்கும் கொஞ்சம் வசதி. எங்கேயோ ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில், யாரோ ஒரு நர்ஸ் ஒரு பாட்டிலின் மூடியைத் துடைத்து ஊசியை ஏற்றிக்கொண்டிருப்பாள். அவளுக்கு எட்டு வருடத் தட்டும் தெரியாது, சுழிக்காரியும் தெரியாது.

"அஞ்சு மாசமா மேடம்."

தம்பி கண்ணை மூடிக்கொண்டான்.

மேடம் அலமாரியைத் திறந்து தேர்வுக் கோப்பை எடுத்தார். அக்காவின் பெயரில் கடைசி ஐந்து மாதத்துக்கு ஐந்து தாள். ஒவ்வொன்றிலும் நூறு என்று வட்டமிட்டிருந்தது. கீழே, 'கண்பார்வை நேரில் சோதிக்கப்பட்டது' என்ற வரி. அதற்குக் கீழே மேடத்தின் கையெழுத்து. அவர் ஐந்து தாளையும் ஒவ்வொன்றாகத் திருப்பினார். முடித்துவிட்டு மறுபடி முதலில் இருந்து திருப்பினார். அக்கா திட்டை எதிர்பார்த்து நின்றாள். திட்டு வரவில்லை, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"அஞ்சு மாசச் சரக்கு," என்றார் மேடம். யாரிடமும் சொல்லாத மாதிரி சொன்னார். "அஞ்சு கையெழுத்து."

வெளியே படிக்கட்டில் ஷிஃப்ட் மாறுகிற பெண்களின் பேச்சு கேட்டது. கழுகு கைப்பிடியைப் பிடித்தபடி உள்ளே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கதவைச் சாத்துங்க," என்றார் மேடம், மிகவும் தணிந்த குரலில். "நாம மூணு பேரும் கொஞ்சம் பேசிக்கலாம். எல்லாருக்கும் குடும்பம் இருக்கு."

தம்பி எழுந்தான். அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்து மறுபடி உட்கார வைத்தாள்.

"தொறந்தே இருக்கட்டும் மேடம்," என்றாள். "நான் பேச வேண்டியதைப் பேசிட்டேன். மருந்துக் கம்பெனிக்கு ஃபோன் பண்ண வேண்டியது நீங்கதான்."

மேடம் ஃபோனைப் பார்த்தார், திறந்திருந்த கதவைப் பார்த்தார், இரண்டையும் தொடவில்லை.